இரண்டாவது படம் எங்கே? – 'வீடு' அர்ச்சனாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

போன பொங்கல் லீவுக்குப் பொன்னமராவதி போயிருந்தபோது அக்கா மகளோடு உட்கார்ந்து 'வீடு' பார்த்தேன். யூடியூப்பில் கிடைக்கிற, நிறம் மங்கிப்போன பிரதிதான். அவளுக்குக் காலேஜ் முதல் வருஷம். முதல் கால் மணி நேரம் ஒரு கண் படத்தில், ஒரு கண் போனில். அப்புறம் எப்போது போனைக் கவிழ்த்து வைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. படம் முடிந்ததும் கேட்டாள்: "மாமா, இவங்க வேற என்ன படம் நடிச்சிருக்காங்க?"

"ரெண்டு தடவை தேசிய விருது வாங்கினவங்கடா" என்றேன்.

"அது சரி மாமா, படம் சொல்லுங்க. இது மாதிரி இன்னொண்ணு."

தடுமாறிவிட்டேன். நானும் ஏதோ சினிமா பற்றிப் படிக்கிறவன், நோட்ஸ் எடுக்கிறவன். 'இது மாதிரி இன்னொண்ணு' என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் தமிழில் ஒரு பெயர்கூட இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தபிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால் வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தேன்.

தமிழ்ப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கியவர்களின் பட்டியல் மிகச் சிறியது. வருஷம், விருது எந்த ஆண்டுப் படங்களுக்கானது என்பதைக் குறிக்கிறது:

1976 – லட்சுமி (சில நேரங்களில் சில மனிதர்கள்)
1979 – ஷோபா (பசி)
1985 – சுஹாசினி (சிந்து பைரவி)
1987 – அர்ச்சனா (வீடு)
2006 – பிரியாமணி (பருத்திவீரன்)
2010 – சரண்யா பொன்வண்ணன் (தென்மேற்குப் பருவக்காற்று)
2020 – அபர்ணா பாலமுரளி (சூரரைப் போற்று)
2022 – நித்யா மேனன் (திருச்சிற்றம்பலம்)

மொத்தம் எட்டுப் பேர். விருதுதான் திறமைக்கு அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. ஜூரி அரசியல் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் 'இவருக்கு நடிக்கத் தெரியுமா' என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக இந்தப் பட்டியல் உதவும். அடுத்த கேள்வி இதுதான்: இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரிந்த சிலர் ஏன் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள்

டீக்கடையில் கேட்டாலும் சரி, ஆபீஸில் கேட்டாலும் சரி, மூன்று பதில்கள்தான் வரும்.

முதலாவது, கவர்ச்சி காட்டவில்லை. இதை ரேவதி ஒருவரே உடைத்துவிடுவார். 1983-இல் 'மண்வாசனை'யில் வந்தவர், 'புதுமைப் பெண்', 'மௌன ராகம்', 'கிழக்கு வாசல்', 'தேவர் மகன்' என்று பத்து வருஷம் முன்வரிசையில் நின்றார். யாரும் அவரைக் கவர்ச்சி நடிகை என்று சொன்னதில்லை.

இரண்டாவது, நிறம். தமிழ் சினிமாவுக்கு வெள்ளைத்தோல் மோகம் உண்டு. அதை மறுக்கவே முடியாது. நம்மூர்ப் பெண்ணாக நடிக்க வடக்கிலிருந்து ஆள் கொண்டுவந்து, அவருக்கு வேறொருவரைக் குரல் கொடுக்க வைக்கிற தொழில் இது. ஆனால் அது முழுக் காரணம் என்றால் சரிதா வந்திருக்கவே கூடாது. 1978-இல் 'மரோ சரித்ரா'. அதன்பின் 'தப்புத்தாளங்கள்', 'தண்ணீர் தண்ணீர்', 'அக்னி சாட்சி', 'அச்சமில்லை அச்சமில்லை' என்று வரிசையாக அவர் தோளில் நின்ற படங்கள்.

மூன்றாவது, நேரம், ராசி, அதிர்ஷ்டம். இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விட்டுவிடுவோம்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ரேவதியையும் சரிதாவையும் ஒரு பக்கமும் அர்ச்சனாவை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் முகத்திலோ உடையிலோ இல்லை, படங்களின் வரிசையில் இருக்கிறது. 'தண்ணீர் தண்ணீர்' முடிந்தபிறகு சரிதாவை மனதில் வைத்து இன்னொரு கதை எழுத பாலசந்தர் இருந்தார். 'வீடு' முடிந்தபிறகு என்ன நடந்தது?

'வீடு' – ஒரு நடிப்பு

அதற்கு முன் அந்த நடிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பாலு மகேந்திரா இயக்கி 1988-இல் வந்த படம். சுதா வேலைக்குப் போகிற பெண். தாத்தா, தங்கை என்று இரண்டு பேர் அவளை நம்பி இருக்கிறார்கள். குடியிருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கையிலிருக்கிற கொஞ்ச நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று ஆரம்பிக்கிறாள். கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது. வில்லன் கிடையாது. அப்ரூவல், கடன், சிமெண்ட், கம்பி, காண்ட்ராக்டர் மட்டும்தான்.

இதில் அர்ச்சனா செய்வது பெரும்பாலும் இரண்டே வேலை: காத்திருப்பது, கேட்டுக்கொள்வது. ஆபீஸ் மேஜைகளுக்கு முன்னால் நிற்கிறாள். யாரோ ஏதோ தொகை சொல்கிறார்கள், மனதுக்குள் கணக்குப் போடுகிறாள். பணம் கைமாறும்போது முகத்தில் ஓடுகிற அந்தச் சின்னக் கணக்கைப் பாருங்கள். வீடு கட்டின எல்லாருக்கும் அந்த முகம் தெரியும். அப்பா வீடு கட்டியபோது எங்கள் அம்மா முகத்தில் இரண்டு வருஷம் அதுதான் இருந்தது.

காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுவதைச் சித்தாள் மங்கம்மா அம்பலப்படுத்துகிற காட்சியில் சத்தம் போடுவது மங்கம்மாதான். மங்கம்மாவாக வருபவர் 'பசி' சத்யா. வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் கதாநாயகி நாலு வரி வசனம் பேசியிருப்பாள். சுதாவோ அதிர்ந்துபோய் நிற்கிறாள். இனி இந்த ஆளை அனுப்பிவிட்டால் மீதி வேலையை யார் செய்வார்கள் என்ற பயம்தான் கோபத்துக்கு முன்னால் வருகிறது. கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியத்துக்குப் போய்விட்டது என்று தெரிய வருகிறபோதும் அப்படித்தான். கதறல் இல்லை.

நம்மூர்த் திருவிழாக்களில் மிமிக்ரி நிகழ்ச்சி போடுவார்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, சரோஜாதேவி என்று வரிசையாக வரும். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து ஒரு வார்த்தை இழுத்தாலே சரோஜாதேவி என்று கூட்டம் கைதட்டும். 'வீடு' அர்ச்சனாவை மிமிக்ரி பண்ண முடியுமா? முடியாது. எடுத்துக்கொள்ள ஒரு அசைவும் இல்லை. எல்லாம் சுதாவிடமே தங்கிவிட்டது.

நட்சத்திரம் என்பவர் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எதையாவது தூக்கிக்கொண்டு போகிறவர். குரல், நடை, ஒரு சிரிப்பு, ஒரு பட்டம். நாம் டிக்கெட் வாங்குவது அதை மறுபடி பார்க்கத்தான். பாத்திரத்துக்குள் முழுசாகக் கரைந்துபோகிற நடிகை தன்னோடு எதையும் எடுத்துப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பிக்க ஒரு கதை வேண்டும், அதை எழுத ஒருவர் வேண்டும், அதற்குப் பணம் போட ஒருவர் வேண்டும்.

பெயருக்கு முன்னால் என்ன ஒட்டிக்கொள்கிறது என்பதிலேயே இது தெரியும். நட்சத்திரங்களுக்குப் பட்டம் கிடைக்கும்: நடிகையர் திலகம், புன்னகை அரசி. பட்டம் எல்லாப் படத்துக்கும் கூடவே வரும். மற்றவர்களுக்குப் படத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும்: 'பசி' சத்யா, 'வெண்ணிற ஆடை' நிர்மலா. அவர்கள் எத்தனை படம் நடித்தாலும் முகவரி முதலில் பேர் வாங்கின அந்த ஒரு படம்தான்.

ஐந்து பேர் கணக்கு

பட்டியலுக்குத் திரும்புவோம். ஷோபா 1980 மே மாதம், இருபது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அவரை 'நட்சத்திரம் ஆகாதவர்' என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமே இல்லை. அபர்ணா, நித்யா இருவரும் சமீபத்தவர்கள், அவர்கள் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மீதி ஐந்து பேர்.

ஐந்து பேருக்கும் ஒரே கேள்வி போட்டேன். விருதுப் படத்துக்குப் பிறகு, அதே கனத்தில் அவரை மையமாக வைத்துத் தமிழில் ஒரு படம் சீக்கிரமே வந்ததா?

லட்சுமிக்கு வந்தது. அதே பீம்சிங், அதே ஜெயகாந்தன் கதை: 1978-இல் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. சுஹாசினிக்கும் வந்தது. அதே பாலசந்தர், 1987-இல் 'மனதில் உறுதி வேண்டும்'. இருவரும் விருதுக்கு முன்பே தெரிந்த முகங்கள் என்பது உண்மைதான். ஆனாலும் விருது கிடைத்ததோடு நின்றுவிடவில்லை, அடுத்த கதை தயாராக இருந்தது.

அர்ச்சனாவுக்கு வரவில்லை. 'வீடு'க்கு முன்னால் அவர் நடித்த 'நீங்கள் கேட்டவை', 'ரெட்டை வால் குருவி' இரண்டும் பாலு மகேந்திரா படங்கள். 'ரெட்டை வால் குருவி' மோகனுக்கு இரண்டு மனைவிகள் என்கிற நகைச்சுவை. அதற்குப் பின்னால் வந்த 'சந்தியா ராகம்' அருமையான படம், ஆனால் அதன் மையம் சொக்கலிங்க பாகவதர் நடித்த முதியவர். அர்ச்சனா அடுத்த வருஷமே இரண்டாவது தேசிய விருது வாங்கினார். எங்கே போய்? தெலுங்குக்குப் போய். நரசிங்க ராவ் இயக்கிய 'தாசி', நிஜாம் காலத்துத் தெலங்கானாவில் ஒரு பண்ணையார் வீட்டு அடிமைப் பெண்ணின் கதை. தொடர்ந்து இரண்டு வருஷம் இந்தியாவின் சிறந்த நடிகை என்று பேர் வாங்கியவருக்குத் தமிழில் அடுத்த கதை இல்லை. பல வருஷம் கழித்து 2007-இல் தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' படத்தில் சத்யராஜின் மனைவியாக வந்தபோது, 'யார் இவங்க, புதுசா இருக்காங்களே' என்று என்னோடு படம் பார்த்த நண்பன் கேட்டான்.

1993-இல் பாலு மகேந்திரா மறுபடியும் ஒரு பெண்ணை மையமாக வைத்துப் படம் எடுத்தார்: 'மறுபடியும்'. அதில் நடித்தது ரேவதி. நான் ரேவதியைக் குறை சொல்லவில்லை, அவர் அதில் பிரமாதம். ஆனால் பெண் மையப் படம் என்கிற அரிய வாய்ப்பு வந்தபோதுகூட, ஏற்கனவே சந்தையில் பெயர் உள்ளவருக்கே அது போனது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து பிரியாமணி. இவர் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 'பருத்திவீரன்' 2007-இல் திரைக்கு வந்தது. கார்த்திக்கு அது முதல் படம். தேசிய விருது முத்தழகாக நடித்த பிரியாமணிக்கு. ஆனால் அந்தப் படத்திலிருந்து நட்சத்திரமாக வெளியே வந்தது கார்த்தி. பிரியாமணி 'மலைக்கோட்டை', 'தோட்டா' என்று வழக்கமான கதாநாயகி வேடங்களுக்குப் போய், அப்புறம் தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நகர்ந்தார். இரட்டையர் வேடத்தில் 'சாருலதா' வந்தபோது 2012 ஆகிவிட்டது. அதற்குள் தமிழ் ரசிகன் முத்தழகை மறந்திருந்தான்.

சரண்யாவுக்கும் அதேதான். 'தென்மேற்குப் பருவக்காற்று' விஜய் சேதுபதி கதாநாயகனாக நடித்த முதல் படம். விருது, அம்மாவாக நடித்த சரண்யாவுக்கு. அவர் இன்று 'மக்கள் செல்வன்'. இவர் இன்னும் பல படங்களில் அம்மா. 'நாயகன்' படத்தில் கமலுக்கு ஜோடியாக ஆரம்பித்தவர் இவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டு படங்களிலும் விருது நடிகைக்கு, நட்சத்திரப் பதவி கதாநாயகனுக்கு. கார்த்திக்குப் பின்னால் சினிமாக் குடும்பம் இருந்தது என்று சொல்லலாம், சரிதான். விஜய் சேதுபதிக்கு அப்படி எதுவும் இல்லையே.

எல்லாம் ஏரியாக் கணக்கு

ஏன் இப்படி? இங்கேதான் ரசனையை விட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் படம் காலங்காலமாக ஏரியா ஏரியாவாக விற்கப்படுகிறது. செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று. எங்கள் பக்கம் திருச்சி-தஞ்சாவூர் ஏரியாவில் வரும். பெரும்பாலும் படம் முடிவதற்கு முன்பே விலை பேசிவிடுவார்கள். எம்.ஜி. என்று சொல்லப்படும் மினிமம் கியாரண்டி முறையில், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் கொடுக்க வேண்டும்.

அந்த விநியோகஸ்தர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். படத்தை அவர் பார்க்கவில்லை. நடிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. அவர் கையில் இருக்கிற ஒரே தகவல், ஒரு பெயரும் அந்தப் பெயர் போன தடவை எவ்வளவு வசூல் செய்தது என்பதும்தான். அந்தப் பெயர் கதாநாயகனுடையது. படம் ஓடினால் வசூல் அவர் கணக்கில் ஏறும். கதாநாயகி எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி கிடையாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அந்த டேபிளில் அவருக்கு ஒரு காலமே இல்லை. பதிவாகாத ஒன்றை வைத்து அடுத்த படத்துக்கு யார் பணம் தருவார்கள்?

ஆகவே நடிகைக்கு இரண்டாவது படம் பெரும்பாலும் ஒரு நாயகனின் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். 1965-இல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை' ஜெயலலிதா, நிர்மலா இருவரையும் ஒன்றாகத் தமிழுக்கு அறிமுகம் செய்தது. அதே வருஷம் ஜெயலலிதா 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி. மொத்தம் 28 படங்கள் எம்.ஜி.ஆரோடு நடித்தார். மூன்று வருஷம் கழித்து 'ரகசிய போலீஸ் 115'-இல் இருவருமே இருக்கிறார்கள். ஜெயலலிதா முதல் கதாநாயகி, நிர்மலா இரண்டாமவர். ஜெயலலிதாவின் தாயார் சந்தியா நடிகை, இயக்குநர் பந்துலு அவரை ஏற்கனவே கன்னடத்தில் நடிக்க வைத்திருந்தார் என்பதெல்லாம் உண்டு. இருந்தாலும் ஒரே வாசல் வழியாக வந்த இருவரின் தூரம் இரண்டாவது படத்திலேயே தீர்மானமாகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. நயன்தாரா 'மாயா', 'அறம்', 'கோலமாவு கோகிலா' என்று தன் பெயரில் படம் விற்கிற இடத்துக்கு வந்தார். ஆனால் அதற்கு முன் 'ஐயா', 'சந்திரமுகி', 'கஜினி' தொடங்கிப் பத்து வருஷம் நாயகர்களோடு நடந்து வர வேண்டியிருந்தது. கிடைத்த பட்டம்கூட 'லேடி சூப்பர் ஸ்டார்'தான். இன்னொருவர் பட்டத்துக்கு முன்னால் 'லேடி' சேர்த்தது. ஜோதிகாவுக்கு '36 வயதினிலே'யில் தொடங்கி வரிசையாகக் கதைகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றைத் தயாரிக்க வீட்டிலேயே ஒரு நிறுவனம் இருந்தது.

இந்தக் கணக்கு பொருந்தாத ஒரு இடம் உண்டு. அது டிவி சீரியல். எங்கள் தெருவில் ராதிகாவை 'சித்தி' என்றும் தேவயானியை 'கோலங்கள்' அபி என்றும் சொன்னால் போதும், வயசானவர்களுக்கெல்லாம் முகம் மலரும். அங்கே நாயகன் பெயரில் ஏரியா விற்பனை இல்லை. விளம்பரதாரர் வாங்குவது அந்த அரைமணி நேரத்தைப் பார்க்கிற பெண்களை. 'இரண்டாவது படம்' என்ற பிரச்சினையும் அங்கே கிடையாது, நாளைக்கே அடுத்த எபிசோட். நம் ஜனங்கள் பெண்களை மையமாக வைத்த கதையைப் பார்க்கமாட்டார்கள் என்கிற வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. வருஷக்கணக்கில், தினமும், வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

என் வாதத்தின் ஓட்டைகள்

ஐந்து பேரை வைத்துக்கொண்டு தியரி பேசுவது ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கே தெரிகிறது. விருது வாங்காத திறமைசாலிகளை நான் தொடவே இல்லை. ரோகிணியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று முக்கியம். நட்சத்திரம் ஆவதுதான் ஒரு நடிகையின் லட்சியம் என்று நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? சரண்யா இன்று தமிழில் மிகவும் விரும்பப்படும் நடிகைகளில் ஒருவர். பிரியாமணி 'தி ஃபேமிலி மேன்' மூலமாக இந்தியா முழுக்கத் தெரிந்தவர். அவர்களைத் தோற்றவர்கள் போலப் பேசுவது தப்பு. 'பாவம் அர்ச்சனா' என்று முடிக்க நான் இதை எழுதவில்லை.

இழப்பு நம் பக்கம்தான். சுதாவுக்கு அடுத்து என்னென்ன பெண்கள் வந்திருக்கலாம் என்று யோசிக்கிறேன். 35 வயசில் ஆசிரியை, ரேஷன் கடை வாசலில் நிற்கிறவள், மருமகளோடு ஒத்துப்போகாத மாமியார், பேரனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சி. எங்கள் ஊரைச் சுற்றி அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை! அவர்களை அந்த முகத்தில் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை. 'வீடு' படத்தின் நெகட்டிவ்கூட இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே வருந்திச் சொல்லியிருக்கிறார். இருக்கிற ஒன்றும் மங்கிக்கொண்டே போகிறது.

இதில் நானும் சுத்தம் இல்லை. 'பருத்திவீரன்' பார்த்துவிட்டு முத்தழகுக்காக ரெண்டு நாள் தூங்காதவன்தான் நான். அடுத்து டிக்கெட் எடுத்தது கார்த்தி படத்துக்கு. அந்த விநியோகஸ்தர் என்னைத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார், சரியாகவே.

அக்கா மகளுக்குப் போனில் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "சரி மாமா, அப்ப 'தாசி' பாக்கலாமா? சப்டைட்டில் இருக்கா?" என்று கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் சித்திரைத் திருவிழா லீவுக்கு 'சந்தியா ராகம்'.